பொன்முடிக்குப் போகிற வழியில் எங்கள் ஊர் இருக்கிறது

கோடை விடுமுறைக்குத் தென்காசி, ராஜபாளையம், திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து கேரளம் கிளம்பும் குடும்பங்களுக்கு,

நான் செங்கோட்டையில் பிறந்து வித்துராவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், மலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வித்துரா இருக்கிறது. கடைவீதியில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. ஏப்ரல் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட வண்டி அங்கே நிற்காத நாள் இல்லை. தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்க இறங்குவீர்கள். "பொன்முடிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பீர்கள். நான் தமிழில் பதில் சொன்னதும் "நம்ம ஊரா அக்கா!" என்று முகம் மலரும். அந்தப் பத்து நிமிடப் பேச்சில் உங்கள் பயணத் திட்டம் முழுவதும் எனக்குத் தெரிந்துவிடும். அதைக் கேட்டுக் கேட்டு மனசில் சேர்ந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

திட்டம் அநேகமாக ஒன்றேதான். விடியற்காலை மூன்று மணிக்கு வேன் கிளம்பும். குற்றாலம், ஆரியங்காவு, பாலருவி, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் கீழே நின்று ஒரு போட்டோ, தென்மலை அணை, குளத்துப்புழை சாஸ்தா கோயிலில் மீனுக்குப் பொரி, பொழுது சாய்வதற்குள் பொன்முடி. ராத்திரி திருவனந்தபுரத்தில் லாட்ஜ். மறுநாள் பத்மநாப சுவாமி, கோவளம். அதற்கடுத்த நாள் கன்னியாகுமரி, முடிந்தால் திருச்செந்தூர், வீடு. மே மாதத்தில் குற்றாலத்திலும் பாலருவியிலும் பல நாள் பாறைதான் தெரியும், சீசன் ஜூனில்தான் தொடங்கும். இது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் "வழியில்தானே இருக்கு" என்று அதுவும் பட்டியலில் ஏறிவிடுகிறது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அந்தப் பட்டியலில் பாதியை எடுத்துவிடுங்கள். மலையை ரயிலில் தாண்டுங்கள். காரைக் கடைசித் தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வித்துராவில் இரண்டு ராத்திரி தங்குங்கள். எங்கள் ஊருக்கு வியாபாரம் பிடிக்க எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டு ஆச்சியையும் பிள்ளைகளையும் என் கடை வாசலில் பார்க்கிற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

போன மே மாதம் மத்தியானம் தாண்டி ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கிய சின்னப் பையனின் சட்டை நனைந்திருந்தது. தென்மலையிலிருந்து அவன் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறான். பின்னால் இறங்கிய பெண்கள் கடைக்குள் வராமல் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "பாத்ரூம் எங்கேக்கா இருக்கு?" என்று கேட்டார்கள். காலையில் ஆரியங்காவில் போனது, அதற்குப் பிறகு எங்கும் நல்ல இடம் கிடைக்கவில்லையாம். கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். எல்லோருக்கும் கடைசியில் அந்த வீட்டு ஆச்சி இறங்கினாள். திண்ணையில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். பாதம் வீங்கி, செருப்பு வார் இருந்த இடம் மட்டும் பள்ளமாகப் பதிந்திருந்தது. "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க" என்றாள். ஆனால் திரும்பும்போது இந்த வழியாக வருவார்களா, நேரே நெடுமங்காடு போவார்களா என்று அவர்களுக்கே தெரியாது. வண்டியை ஓட்டி வந்த பையன், ஆச்சியின் மகள் வயிற்றுப் பேரன், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடந்தான். நடுராத்திரியிலிருந்து கண் மூடவில்லை. அவனை நம்பித்தான் இத்தனை பேரும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு ஏற இருந்தார்கள்.

ஆச்சியையும் ஏற்றிக்கொண்டு அரக்கப் பரக்கக் கிளம்பினார்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. பொன்முடிக்குச் சாயங்காலத்தில் வண்டி விடமாட்டார்கள். யானை இறங்கும் காடு அது, மேலே போனவர்கள் இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். அத்தனை தூரம் வந்த குடும்பம் பொன்முடியைப் பார்க்கவே இல்லை.

இந்தத் திட்டங்களை யார் போடுகிறார்கள் என்று நான் கவனித்திருக்கிறேன். வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்கள் போனில் மேப்பைப் பார்த்துப் போடுகிறார்கள். இரண்டு ஊருக்கு நடுவே நாற்பது கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். மலைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் என்றால் என்ன, பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள், மூட்டு வலிக்காரர் வேனில் எத்தனை தடவை ஏறி இறங்குவார், சுகர் மாத்திரை போடுகிறவர் எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்த மேப்பில் இல்லை. வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்பதில்லை.

அதனால்தான் ரயிலைச் சொல்கிறேன். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து 1904இல் மீட்டர் கேஜ் பாதை திறந்தார்கள். அப்போது செங்கோட்டையும் வித்துராவும் ஒரே திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தன. 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோதுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் ஆச்சி காலத்தில் இந்த வண்டியில் போய்ப் புனலூரில் பெண் எடுத்தார்கள், கொல்லத்தில் முந்திரி வாங்கினார்கள். அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010இல் வண்டியை நிறுத்தினார்கள். 2018இல்தான் மறுபடியும் ஓடியது. அந்த எட்டு வருஷத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு ரயில் இருப்பதே மனசில் பதியவில்லை. வேன் பழக்கம் அப்போது பிடித்துக்கொண்டது என்பது என் எண்ணம்.

பாலருவி எக்ஸ்பிரஸ் ராத்திரியில் மலையைத் தாண்டிவிடும், அதில் வந்தால் ஒன்றும் தெரியாது. மதுரையிலிருந்து குருவாயூர் போகும் எக்ஸ்பிரஸ் ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் பகலில் வருகிறது. உங்களுக்கு ஏற்றது அதுதான். கிளம்பும் முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பகவதிபுரம் தாண்டியதும் வயல் முடிந்து மலை நெருங்கும். ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஒரு எஞ்சின் பூட்டித் தள்ளுவார்கள். வண்டி மெதுவாகத்தான் போகும். குகைக்குள் நுழையும்போது பெட்டி முழுக்கப் பிள்ளைகள் போடுகிற கூச்சல் இருக்கிறதே, அதைக் கேட்கவே ஒரு தடவை வரலாம். குகையைத் தாண்டினால் காற்றின் ஈரம் முகத்தில் படும். கருங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டு கட்டிய பதின்மூன்று கண் பாலத்தைச் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். ரயிலில் அதன் மேலேயே போவீர்கள். கீழே சாலையில் வேன்கள் வரிசையாக நிற்பது தெரியும். ஆச்சி காலை எதிர் சீட்டில் நீட்டிக்கொள்ளலாம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிடலாம். கழிப்பறை பெட்டியிலேயே இருக்கிறது. யாரும் யாருக்காகவும் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூச்சப்பட வேண்டியதில்லை.

புனலூரில் இறங்குங்கள். கல்லடை ஆற்றின் மேல் 1877இல் கட்டி முடித்த தொங்குபாலம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு நடந்து பார்க்கலாம். அங்கிருந்து வித்துராவுக்கு ஒரு வாடகைக் காரோ ஜீப்போ பிடித்தால் அஞ்சல், மடத்தறை, பாலோடு வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். உள்ளூர் ஓட்டுநருக்கு இந்தச் சாலையின் ஒவ்வொரு திருப்பமும் தெரியும், ராத்திரி தூங்கி எழுந்தும் வந்திருப்பார். நாகர்கோவில் வழியாக வருகிறவர்கள் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினால், எதிரே தம்பானூர் பஸ் நிலையத்திலேயே கேரள அரசு பஸ் கிடைக்கும். வித்துராவில் டெப்போ இருப்பதால் பஸ்ஸுக்குக் குறைவில்லை.

புனலூர் வழியாக வந்தால் பாலோட்டில் ஒரு காலையைச் செலவிடுங்கள். ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் ஆராய்ச்சி நிலையமும் 1979 முதல் அங்கே இருக்கிறது. பிள்ளைகளுக்கு மரங்களைக் காட்டுவதோடு ஒரு கதையும் சொல்லுங்கள். 1987இல் இந்த மலைக்குள் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாகக் காணிப் பழங்குடி மக்கள் வந்தார்கள். ஏறி ஏறி விஞ்ஞானிகள் சோர்ந்துபோக, காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பே தெரியாமல் நடந்தார்கள். என்ன செடி என்று முதலில் சொல்லவில்லை, பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கிய நிலையம், கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்கும் உரிமையைக் கொடுத்தபோது, கிடைத்த பணத்தில் சரிபாதி காணி மக்களுக்கு என்று முடிவு செய்தது. காட்டு மக்களின் அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட விஷயம் இது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அவ்வளவு நேராகப் போகவில்லை. மருந்து நின்றது, செடி பயிரிடுவதில் வனத்துறையோடு சிக்கல் வந்தது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள், பத்தாவது படிக்கும் பிள்ளைக்குப் புரியும்.

இனி வித்துரா. பெரிய ஊர் இல்லை. ஒரு சந்தி, கடைகள், சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். மருதமலையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் வந்த பிறகு வடநாட்டுப் பிள்ளைகளையும் கடைவீதியில் பார்க்கிறோம். வசதியான விடுதி வேண்டுமென்றால் மேலே பொன்முடியில் கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் கோல்டன் பீக் இருக்கிறது. இங்கே வீட்டோடு ஒட்டிய தங்குமிடங்கள்தான். உங்களைப் போன்ற பெரிய குடும்பத்துக்கு அதுவே நல்லது. முற்றம் இருக்கும், அடுப்படி கேட்டால் கொடுப்பார்கள்.

ஏப்ரலில் வந்தால் எங்கு பார்த்தாலும் கொன்றை பூத்துக் கிடக்கும், விஷுக்கணிக்கு அதுதான். சக்கை பழுக்கும் காலமும் இதுவே. பலாவை எல்லோரும் தின்றிருப்பீர்கள், ஆனால் அயினிச் சக்கையை உங்கள் பிள்ளைகள் அறிய மாட்டார்கள். கைக்குள் அடங்குகிற சின்னப் பழம், மேலெல்லாம் மெல்லிய முள். தோலை விரலால் உரித்தால் உள்ளே மஞ்சள் சுளை. காசு கொடுத்து வாங்கினால் கிலோ கணக்கில் விலை சொல்வார்கள். தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சும்மாவே கொண்டுவந்து தருவார். விதையைத் தூர எறிய வேண்டாம், வறுத்துத் தின்னலாம். சாயங்காலம் தட்டுக்கடையில் கப்பையும் மீன் குழம்பும். சைவக்காரர்களுக்குப் புட்டும் கடலையும், இந்தப் பக்கத்து ரசவடையும் இருக்கின்றன.

வெயில் ஏறுவதற்கு முன் கிழக்கே திரும்பிப் பாருங்கள். தெரிகிற மலை உங்களுக்கு அன்னியமில்லை. அம்பாசமுத்திரத்திலும் பாபநாசத்திலும் நின்று நீங்கள் பொதிகை என்று கும்பிடுகிற அதே மலைத்தொடரின் மறுபக்கம் இது. அதன் உச்சியான அகத்தியர்கூடம் 1868 மீட்டர். கிழக்கே தாமிரபரணியை அனுப்பும் மலைதான் மேற்கே கரமனை ஆற்றையும் நெய்யாற்றையும் அனுப்புகிறது. கரமனை ஆற்றைப் பேப்பாறையில் 1983இல் அணை கட்டித் தேக்கி, கீழே அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகிறார்கள். அணையைச் சுற்றி 53 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதியோடு போய்ப் பாருங்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஆச்சிக்கு அந்த இடத்தில் நின்றால் சொல்ல நிறைய இருக்கும். பிள்ளைகள் அதைக் கேட்கட்டும்.

பொன்முடிக்கு இரண்டாம் நாள் காலையில் போங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்தி வரும் பிள்ளையை முன் சீட்டில் உட்காரவைத்து, போனைக் கையில் கொடுக்காதீர்கள். சோதனைச் சாவடி திறக்கும் நேரத்துக்குக் கல்லாற்றில் இருந்தால் கூட்டம் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். எதிரே ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். மேலே சுமார் 1100 மீட்டர் உயரத்தில் புல்வெளி. பனி வந்தால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார், அரை மணியில் விலகும். வேனில் வந்தவர்கள் அந்த அரை மணி காத்திருக்க முடியாமல் இறங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் காத்திருக்கலாம், இறங்கி வந்தால் சோறும் படுக்கையும் வித்துராவில் தயாராக இருக்கும்.

கல்லாறு பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். உருண்டையான பெரிய கற்களுக்கு நடுவே, அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரிகிற தண்ணீர். பார்த்தால் இறங்கத்தான் தோன்றும். ஆனால் கல் வழுக்கும். முழங்கால் அளவு என்று காலை வைத்த இடத்துக்கு அடுத்த அடியில் கயம் இருக்கும். கல்லாற்றின் வட்டக்கயத்தில் 2022 அக்டோபரில் மூன்று பேர் மூழ்கி இறந்தார்கள். அதற்கு முன்னும் பலர் போயிருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், மலையாளம் தெரியவில்லை என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். கோடை மழை மலையுச்சியில் பெய்யும்போது கீழே வெயில் அடிக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே கரையேறுங்கள். செருப்பையும் துண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊர்க்காரர் காட்டுகிற இடத்தில் கால் நனையுங்கள், அது போதும். சோப்பும் ஷாம்பும் வேண்டாம். இந்தத் தண்ணீர் வாமனபுரம் ஆறாகிக் கீழே ஆற்றிங்கல் பக்கத்து ஊர்களுக்குக் குடிநீராகப் போகிறது.

வீட்டு இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. போனக்காட்டில் பேய் பங்களா இருக்கிறது என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறீர்கள். கடையில் வழி கேட்கிறீர்கள். காணித்தடம் சாவடியில் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், திருட்டுத்தனமாகப் போகவும் முயல வேண்டாம். போனக்காடு வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறித்தவர்களில் நிறையப் பேர் நம் பக்கத்திலிருந்து மலையேறிப் போன தமிழர்கள். தோட்டம் நொடித்தது, தொழிற்சாலை நின்றது, கூலியும் பணிக்கொடையும் பாக்கியாகப் பல குடும்பங்கள் ஒழுகுகிற லயங்களிலேயே கிடந்தன. அந்த லயத்தில் பிறந்து எங்கள் கடைக்கு அரிசி வாங்க வருகிற பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பேசுகிற தமிழ் உங்கள் தாத்தா பேசிய தமிழ். அந்த மலையில் இல்லாத பேயைத் தேடுகிறவர்கள் இருக்கிற மனிதர்களைப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் இடம் கிடைத்தால் பேச்சுக் கொடுங்கள்.

அகத்தியர்கூடம் ஏறும் பாதையும் போனக்காட்டிலிருந்துதான். ஆனால் அது ஜனவரியை ஒட்டிய சில வாரங்களுக்கு மட்டும், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். கோடைப் பயணத்தில் சேர்க்காதீர்கள். 2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு பெண்களும் ஏறுகிறார்கள். 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் முதலில் ஏறினார். உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைக்கு ஆசை இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு ஜனவரியில் கூட்டி வாருங்கள்.

பத்மநாப சுவாமி கோயில் எங்கும் போய்விடாது. கோவளமும் கன்னியாகுமரியும் அப்படித்தான். அவற்றுக்கு இன்னொரு விடுமுறை வரும். திரும்பிப் போகும்போது திருவனந்தபுரத்தில் ரயில் ஏறுவதற்கு முன் ஒரே ஒரு இடம் பார்க்க வேண்டும் என்றால், எது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கோயில் என்பார்கள், அங்கே போங்கள்.

ஜூன் முதல் தேதியை ஒட்டி இங்கே மழை பிடித்துவிடும். பலத்த மழையில் பொன்முடிச் சாலையை மூடிவிடுவார்கள். அதனால் மே 20க்குள் வந்து திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் முன்பதிவு 60 நாள் முன்னாலேயே திறக்கிறது, பள்ளி விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் பேசி முடிவு செய்யாதீர்கள். மூட்டு வலிக்கிற ஆச்சியையும், வாந்தி வருகிற பிள்ளையையும், அடுப்படியில் நிற்கிற பெண்களையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
வித்துராவில் வாழும் ஒரு செங்கோட்டைக்காரி